வெள்ளிக்கிழமையின் நான்கு நிமிடங்கள்

சிவமலர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடும் முன் அதை மூன்று முறை வாசிப்பாள். எதிரே இருப்பவர் அந்த நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டால் நான்காவது முறையும் வாசிப்பாள். அது திமிர் என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். பத்தொன்பது வயதில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, எல்லை தாண்டி மேற்குப் பக்கம் வந்து, ஓர் அலுவலக மேசைக்கு முன்னால் தூக்கக் கலக்கத்தோடு நின்றபோது, நீட்டிய தாளில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே கையெழுத்திட்டவள் அவள். ஆகஸ்ட் மாதம் பிறந்தவளை அந்தத் தாள் ஜனவரி முதலாம் தேதிக்கு மாற்றிவிட்டது. அந்த ஒரு வரியைத் திருத்தப் பதினோரு வருடம் அலைந்தாள். கடைசியில் ஓர் அதிகாரியிடம், "என்னைப் பெற்றது என் அம்மா, உங்கள் அலுவலகம் இல்லை" என்று தட்டுத் தடுமாறிய ஜெர்மனில் சொன்ன பிறகுதான் ஆகஸ்ட் திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து வாசிக்காமல் ஒன்றிலும் பேனா வைப்பதில்லை.

கொலோனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் வரும் ஒரு நகரத்தில் அவள் குடியேறினாள். உணவகத்தில் பாத்திரம் கழுவினாள். மருத்துவமனையில் தரை துடைத்தாள். முதியோருக்குச் சமைத்து அனுப்பும் ஒரு பெரிய சமையலறையில் பன்னிரண்டு வருடம் உருளைக்கிழங்கு அவித்தாள். நாற்பத்தோராவது வயதில், இனி அவித்தது போதும், அவித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று கார் ஓட்டப் பழகினாள். தேர்வில் நான்கு முறை விழுந்தாள். "இந்த வயசில உமக்கு ஏன் உந்த வேலை?" என்று தெரிந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். அப்படிக் கேட்டதால்தான் ஐந்தாவது முறை போனாள். போகும் முன் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். இந்த முறை பாஸானால், என் கையில் எந்த வண்டி இருக்கிறதோ அந்த வண்டிக்கு வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டுவேன்.

பாஸாகிவிட்டாள். பதினாறு வருடமாக வாக்குத் தவறவில்லை. காய்ச்சலிலும் காட்டினாள், உறைபனியிலும் காட்டினாள், கொரோனாக் காலத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டும் காட்டினாள். வெள்ளி காலை எட்டு இருபதுக்கு வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் முன்னால் வருவாள். ஒரு சின்னத் தட்டில் நான்கு கட்டி கற்பூரம். மூன்று சுற்று. முன் சக்கரத்தின் கீழே ஓர் எலுமிச்சம்பழம். அது நசுங்க வண்டியை எடுத்தால், அதற்குப் பிறகு வீதியில் எவன் எப்படி ஓட்டினாலும் அவளுக்குக் கவலையில்லை.

வண்டி அவளுடையது அல்ல, சமையலறையுடையது. வெள்ளை நிற மின்சார வண்டி. முப்பத்தெட்டு வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும். சமையலறை முற்றத்தில் நிறுத்த இடமில்லாததால் ஓட்டுநர்கள் வண்டியைத் தங்கள் வீட்டுக்கே கொண்டுபோவார்கள். சிவமலர் வசிக்கும் கனால் வீதியில் சார்ஜ் ஏற்றும் கம்பம் அவள் வாசலிலேயே இருந்தது. அந்த வண்டியின் கூரையில்தான் போன வருடம் ஏப்ரல் மாதம் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினார்கள்.

பொருத்த வந்தவள் நிரஞ்சனா. திருச்சிக்காரி, அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஏணியில் ஏறி நின்று திருகாணி முடுக்கியவளை சிவமலர் கீழேயிருந்து விசாரித்தாள்.

"உது என்ன பிள்ளை, பாண் பெட்டி மாதிரி?"

"சென்சார், ஆன்ட்டி. காத்தை உள்ள இழுத்து அதுல எவ்ளோ தூசி இருக்கு, எவ்ளோ வண்டிப்புகை வாயு இருக்குன்னு பத்து செகண்டுக்கு ஒரு தடவை எழுதிக்கும். எந்த இடம்னும் சேர்த்து எழுதும். சிட்டில மொத்தம் பன்னெண்டு வண்டிக்குப் போடறோம். நீங்க எப்பவும் போற ரூட்ல போனா போதும்."

"வண்டி நிண்டால்?"

"நின்னாலும் வேலை செய்யும். தூங்கவே தூங்காது."

"அப்ப என்னைப் போலதான்" என்றாள் சிவமலர். அன்றே அவளுக்கு அந்தப் பெட்டியைப் பிடித்துப்போயிற்று.

பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கனால் வீதியின் கோடியில் ஒரு குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. இறைச்சியும் பாலும் ஏற்றிய லொறிகள் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து அந்த வீதியில் வரிசை கட்டும். உள்ளே சரக்கு கெட்டுப்போகாமல் குளிரூட்ட வேண்டும் என்று இயந்திரத்தை அணைக்காமல் நிற்கும். பதினொரு மணிவரை அதே உறுமல்தான். சிவமலரின் கணவர் தம்பித்துரை இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து, நுரையீரலைப் பாதிக்குமேல் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். வீதியைப் பார்த்த குசினி ஜன்னலை அவர்கள் திறந்து இரண்டு வருடமாகிறது. இடுக்குகளில் ஈரத் துவாய் செருகியிருக்கும். அவர் அந்த மூடிய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, மருந்துக் குழலை வாயில் வைத்து இழுத்தபடி, லொறிகளை எண்ணுவார். இப்போது கிடங்குக்காரர்கள் இன்னும் முப்பது லொறிகளுக்கு இடம் கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். மார்ச் மாதம் பகுதிச் சபை முடிவெடுக்கும் என்று சொன்னார்கள்.

வீதிக்காரர்கள் ஆறு கடிதம் எழுதினார்கள். ஆறுக்கும் ஒரே பதில் வந்தது. பூங்காவில் உள்ள அளவு நிலையத்தின்படி உங்கள் பகுதியின் காற்று நன்றாக இருக்கிறது. பூங்கா ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால், ரோஜாத் தோட்டத்தின் நடுவில். அங்கே ரோஜாக்களுக்கு ஒரு குறையும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கனால் வீதியில் இருப்பவர்கள் ரோஜாக்கள் அல்ல.

பெட்டி வந்த பிறகு நகரத்தின் வரைபடம் கைத்தொலைபேசியில் நிறம் மாறியது. பச்சை நல்ல காற்று, சிவப்பு கெட்ட காற்று. திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு காலையும் கனால் வீதி சிவந்து கிடந்தது. தம்பித்துரை அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தனான்" என்றார். சிவமலர் முப்பத்தெட்டு வீடுகளிலும், சூப்பைக் கொடுத்த கையோடு அந்த வரைபடத்தையும் காட்டினாள். சிலருக்குச் சூப் ஆறிப்போனது.

பத்து மாதம் இப்படிப் போனது. ஜனவரி மாதத்தில் ஒருநாள் நிரஞ்சனா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, ஒரு சின்ன டவுட். வெள்ளிக்கிழமை காலைல மட்டும் உங்க வண்டில ஊசி மாதிரி ஒரு பீக் வருது. எட்டு இருபதுக்கு ஏறுது, எட்டு இருபத்திநாலுக்கு இறங்கிடுது. ஒரு வாரம் கூட மிஸ் ஆகல. எங்க டீம்ல யாருக்கும் புரியல. எனக்குத்தான் ஒரு சந்தேகம். நீங்க... கற்பூரம் ஏதாவது?"

"ஓம். வண்டிக்குக் காட்டுறனான்."

நிரஞ்சனா சிரிசிரியென்று சிரித்தாள். "எங்க அம்மா ஸ்கூட்டிக்குக் காட்டுவாங்க. அதான் டைமிங் பாத்ததும் தோணிச்சு."

ஜெர்மானியர் ஆயிரம் வருடம் அந்த ஊசியைப் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஒரு தமிழ்ப் பெண் ஒரு நொடியில் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தவள் சும்மா இருந்திருக்கலாம். நேர்மையான ஆராய்ச்சிக்காரி ஆயிற்றே, அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்புச் சேர்த்தாள். ஓட்டுநர் வழிபாட்டுக்காக வண்டியின் அருகே கற்பூரம் எரிப்பதால் சில உயர்ந்த அளவுகள் பதிவாகியுள்ளன. அவ்வளவுதான் எழுதினாள். அதுவே போதுமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து நகரத்தின் சுற்றுச்சூழல் பிரிவிலிருந்து சிவமலருக்கு டெர்மின், அதாவது நேரில் வரவேண்டிய நாள், கொடுத்துக் கடிதம் வந்தது. புதன்கிழமை, மூன்றாம் மாடி, அதிகாரி ஹெர் ப்ரூக்மன்.

ப்ரூக்மன் கெட்டவர் அல்ல. எழுந்து நின்று கைகொடுத்தார், கோப்பி வேண்டுமா என்று கேட்டார். சிக்கல் இல்லாமல் ஃபைலை மூடுவதுதான் அவருக்குத் தெரிந்த நல்ல காரியம். அப்படிப்பட்ட நல்லவர்களிடம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்பது சிவமலரின் கட்சி.

"உங்கள் பண்பாட்டை நாங்கள் மதிக்கிறோம்" என்று அவர் ஆரம்பித்தார். அந்த வாக்கியம் வந்தாலே பின்னால் ஏதோ வருகிறது என்று அவளுக்குத் தெரியும். வந்தது. வண்டியின் அருகே புகை எழுப்பப்பட்டிருப்பதால் கனால் வீதியின் அளவுகளை நம்ப முடியவில்லை. பத்து மாத எண்களையும் அறிக்கையிலிருந்து நீக்கப் போகிறார்கள். யார் மீதும் குற்றமில்லை, அபராதமில்லை. இந்த உறுதிமொழியில் அவள் கையெழுத்திட்டால் போதும்.

சிவமலர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். அளவீட்டுக் காலம் முழுவதும், குறிப்பிட முடியாத பல நாட்களில், வாகனத்தின் அருகே புகை எழுப்பினேன் என்று அதில் இருந்தது. இரண்டாவது முறை வாசித்தாள். ப்ரூக்மன் கடிகாரத்தைப் பார்த்தார். பாவம், அவருக்கு அவளைப் பற்றித் தெரியாது. நான்கு முறை வாசித்து முடித்துப் பேனாவை மேசையில் வைத்தாள்.

"குறிப்பிட முடியாத நாட்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் குறிப்பிட முடியும். வெள்ளிக்கிழமை. எட்டு இருபதிலிருந்து எட்டு இருபத்திநான்கு. மற்ற ஆறு நாளும் நான் ஒன்றும் எரிக்கவில்லை."

"அதற்கு ஆதாரம் இல்லையே, ஃபிராவ் தம்பித்துரை."

"மற்ற நாட்களில் எரித்தேன் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். "சந்தேகம் வந்துவிட்டால் நீக்குவதுதான் நடைமுறை" என்றார்.

"என் கற்பூரத்தின் மேல் சந்தேகம் என்றால் கற்பூரத்தை அளந்து பாருங்கள்."

"அதற்கு நடைமுறை இல்லை."

சிவமலர் எழுந்தாள். கோப்பிக்கு நன்றி சொன்னாள். கையெழுத்திடாத தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். ஒருமுறை ஒரு தாள் அவளுடைய பிறந்த நாளைத் தின்றது. இந்தத் தாள் ஒரு வீதியையே தின்னப் பார்க்கிறது.

அடுத்த நாள் சமையலறை மேலாளர் கிறிஸ்ரினா அவளைத் தனியே கூப்பிட்டாள். மின்சார வண்டிக்குப் பக்கத்தில் நெருப்புக் கொளுத்துவதாக நகரத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள், பிரச்சினை பெரிதானால் வண்டியை உன்னிடமிருந்து எடுக்க வேண்டி வரும், அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டுவிடேன், சிவா. கிறிஸ்ரினாவும் கெட்டவள் அல்ல. அந்த மாதம் சிவமலரைச் சுற்றி நல்லவர்களாகவே இருந்தார்கள்.

வீட்டில் தம்பித்துரை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"நீர் ஏன் அந்தப் பிள்ளையிட்ட ஓம் எண்டு சொன்னனீர்? தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே. ஆர் பாத்தது?"

"பிள்ளையார் பாத்தவர்."

"விளையாடாதையும்."

"நான் விளையாடேல்லை. கொளுத்தினது நான். அதில பொய் சொன்னால், லொறியைப் பற்றி நான் சொல்லுற உண்மையை ஆர் நம்புவினம்?"

அவர் இருமினார். இருமல் நிற்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"சரி, அப்ப கையெழுத்தைப் போட்டிட்டு விடும். வேலையாவது மிஞ்சும்."

"போட்டால் என்ன நடக்கும் எண்டு தெரியுமோ? பத்து மாதமா இந்த வீதியில இருந்த புகை முழுக்க என்ர கற்பூரப் புகையெண்டு ஆகும். நீங்கள் இருமுறதும் என்னாலதான் எண்டு ஆகும். ஏலாது. நான் போட மாட்டன்."

தம்பித்துரை கண்ணாடியில் விரலை வைத்து வெளியே நின்ற லொறிகளைத் திரும்ப எண்ணத் தொடங்கினார்.

சனிக்கிழமை நிரஞ்சனா வந்தாள். கதவைத் திறந்ததும் அழுதுவிட்டாள்.

"ஆன்ட்டி, சாரி. ஆனஸ்டா இருக்கணும்னுதான் அந்த ஒரு லைன் போட்டேன். இப்படி யூஸ் பண்ணுவாங்கன்னு நினைக்கவே இல்ல. திருத்தின ரிப்போர்ட் அனுப்பறேன். அந்தக் குறிப்பையே எடுத்துடறேன்."

சிவமலர் அவளை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்துக் குடிக்க வைத்தாள்.

"எடுக்க வேண்டாம் பிள்ளை. எழுதினது உண்மை. அதை இப்ப அழிச்சால் நாங்கள் ரெண்டு பேரும் கள்ளர். நீர் உண்மையில பாதியை எழுதிப்போட்டு நிப்பாட்டினீர், அதுதான் பிழை. கற்பூரம் எரிஞ்சால் கோடு எப்பிடி வரும், லொறி நிண்டால் எப்பிடி வரும்? ரெண்டும் ஒரே மாதிரியோ?"

நிரஞ்சனா கண்ணைத் துடைத்தாள். "இல்ல ஆன்ட்டி. ரெண்டு கோடு இருக்கு. ஒண்ணு தூசி, இன்னொண்ணு வாயு. வெள்ளிக்கிழமை ஊசில தூசி மட்டும்தான் ஏறுது. டீசல்னா ரெண்டும் சேர்ந்து ஏறும். ஆனா அது நான் சும்மா சொல்றது. ப்ரூவ் பண்ணணும்னா கற்பூரத்தை மட்டும் தனியா, வேற புகை இல்லாத இடத்துல, எல்லார் முன்னாடியும் எரிச்சு அளக்கணும்."

"எல்லார் முன்னாலயும்" என்று சிவமலர் திரும்பச் சொன்னாள். "சரி. எரிப்பம்."

சிவமலர் ஒன்றைச் செய்வதாகச் சொன்னால் அதற்கு ஓர் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதாமல் விடமாட்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் இந்த நாடு அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது. பொது ஒழுங்கு அலுவலகத்துக்குப் போய், திறந்த வெளியில் நெருப்பு மூட்டுவதற்கான படிவத்தை வாங்கினாள். ஈஸ்டர் பண்டிகைக்கு மலைபோல் விறகு அடுக்கிக் கொளுத்துகிறவர்கள் நிரப்பும் படிவம் அது. எரிபொருளின் அளவு என்ற இடத்தில் கற்பூரம், நான்கு கட்டி என்று எழுதினாள். எரியும் நேரம், நான்கு நிமிடம். அணைக்கும் ஏற்பாடு, ஒரு வாளி தண்ணீரும் ஒரு சட்டி மூடியும். தீயணைப்புப் படைக்கு முன்னறிவிப்பு வேண்டுமா என்ற கேள்விக்கு, வேண்டுமானால் வரட்டும் என்று எழுதினாள். முகப்பில் இருந்த பெண் படிவத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். விதியில் குறைந்தபட்ச அளவு என்று ஒன்று இல்லை. முத்திரை குத்திக் கொடுத்தாள்.

மார்ச் மாதம், வியாழக்கிழமை, பின்னேரம் நாலரை மணி. பகுதிச் சபைக் கூட்டத்தின் ஆரம்பத்தில் பொதுமக்கள் ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் பேசலாம். கனால் வீதியிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். தம்பித்துரை வரவில்லை. மாடிப்படி ஏற அவரால் முடியாது.

சிவமலர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். தனியாக இருந்தபோது பத்து முறை சொல்லிப் பார்த்த ஜெர்மன் வாக்கியங்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்து போயின. போகட்டும் என்று, கையில் இருந்த ஜெர்மனில் சொன்னாள்.

"எனக்கு மூன்று நிமிடம் தந்திருக்கிறீர்கள். எனக்கு நான்கு வேண்டும். அதுவும் இங்கே இல்லை, கீழே முற்றத்தில். என் வண்டி அங்கே நிற்கிறது. என்னுடைய புகையால் எங்கள் வீதியின் எண்களை எறியப் போகிறீர்கள். எறியும் முன் அந்தப் புகையை ஒருமுறை பாருங்கள்."

சபையில் சலசலப்பு. ப்ரூக்மன் எழுந்து, கட்டட முற்றத்தில் நெருப்பு அனுமதிக்கப்படாது என்றார். சிவமலர் கைப்பையைத் திறந்து முத்திரை குத்திய தாளை எடுத்து நீட்டினாள். அவர் வாசித்தார். ஒருமுறைதான் வாசித்தார். வாசித்து முடித்ததும் அவர் வாயோரத்தில் தெரிந்தது சிரிப்பா என்று இன்றுவரை அவளுக்கு நிச்சயமில்லை. தலைவியாக இருந்த பெண்மணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான்கு நிமிடம்தானே. போவோம்."

பதினொரு உறுப்பினர்கள், சிலர் கையில் கோப்பிக் கோப்பையோடு, முற்றத்தில் வட்டமாக நின்றார்கள். நிரஞ்சனா வண்டியின் பின்கதவைத் திறந்து மடிக்கணினியை வைத்தாள். திரையில் இரண்டு கோடுகள், தூசிக்குச் சிவப்பு, வாயுவுக்கு நீலம். இரண்டும் கீழே அமைதியாகக் கிடந்தன.

காற்று வீசியது. முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. யாரோ மெல்லச் சிரித்தார்கள். சிவமலரின் காது சூடாகியது. வியாழக்கிழமையில் கொளுத்துகிறேனே என்ற உறுத்தல் வேறு. "இது உனக்கில்லை அப்பனே, இது இவைக்கு" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு மூன்றாவது குச்சியைக் கிழித்தாள். கற்பூரம் பிடித்துக்கொண்டது.

அவள் அவசரப்படவில்லை. சபைக்காக ஒன்றையும் சுருக்கவும் இல்லை. வண்டிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று மூன்று சுற்றுச் சுற்றினாள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழே வைத்தாள். கரும்புகை கூரைப் பெட்டியைத் தாண்டிப் போனது. நிரஞ்சனா பழக்கதோஷத்தில் ஓடிவந்து சுடரில் கையை ஒற்றிக் கண்ணில் வைத்துவிட்டு, தான் செய்தது உறைத்ததும் முகம் சிவந்து கணினிக்குத் திரும்பினாள். திரையில் சிவப்புக் கோடு சட்டென்று உச்சிக்குப் போயிருந்தது. நீலக் கோடு அசையவில்லை.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கற்பூரம் சுருங்கிக் கருகி அணைந்தது. சிவப்புக் கோடு இறங்கித் தரைக்கு வந்தது. தலைவி நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் ஐம்பது வினாடி.

"இதுதான் நான்" என்றாள் சிவமலர். "இப்போது செவ்வாய்க்கிழமையைக் காட்டு, பிள்ளை."

நிரஞ்சனா கனால் வீதியின் முந்தைய செவ்வாயைத் திறந்தாள். காலை ஐந்து பத்துக்குச் சிவப்பும் நீலமும் ஒன்றாக ஏறின. ஆறு மணிக்கு மேலே இருந்தன. ஏழுக்கும் மேலே. எட்டரைக்கு வண்டி சமையலறைக்குப் போனபோது சாதாரண அளவுக்கு இறங்கின. பதினொரு மணிக்குச் சற்று முன் சாப்பாட்டோடு அதே வீதிக்குத் திரும்பியபோது இரண்டும் மறுபடி ஏறின. புதனும் அப்படித்தான். வியாழனும் அப்படித்தான்.

"என் கற்பூரம் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எல்லோரும் பார்த்தீர்கள். அப்படியானால் எங்கள் வீதியில் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து எரிவது என்ன?"

ப்ரூக்மன் தொண்டையைச் செருமினார். "ஒரு முறை அளந்தது போதாது" என்றார். அதில் பிடிவாதம் இருந்தது, வஞ்சகம் இல்லை.

"எனக்கும் அது தெரியும்" என்றாள் சிவமலர். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எட்டு இருபதுக்குக் கொளுத்துவேன். கனால் வீதி, முப்பத்தொன்று. உங்கள் கருவியோடு வாருங்கள். ஐந்து மணிக்கே வந்தால் லொறிகளையும் அளக்கலாம். தேத்தண்ணி நான் தருகிறேன்."

அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தார். மூன்று வெள்ளிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு, மழைச்சட்டை போட்டுக்கொண்டு, தன் அலுவலகத்து முத்திரையிட்ட கருவியோடு வந்து வீதியில் நின்றார். மூன்றாவது வெள்ளி இருமிக்கொண்டே மேலே வந்து தேத்தண்ணி குடித்தார். தம்பித்துரை அவருக்கு ஜன்னலோரக் கதிரையைக் கொடுத்தார். இருவரும் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் அருகருகே உட்கார்ந்து லொறிகளை எண்ணினார்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததென்று தம்பித்துரை அவரைத் திருத்தினார்.

மே மாதம் கடிதம் வந்தது. இரண்டு பத்தி. முதல் பத்தியில், கனால் வீதியின் பத்து மாத அளவுகள் அறிக்கையில் முழுமையாகச் சேர்க்கப்படுகின்றன, வெள்ளிக்கிழமைகளின் நான்கு நிமிடங்கள் மட்டும் கழிக்கப்படும், கிடங்கின் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது. தம்பித்துரை அதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு இன்னொரு முறை கேட்டார்.

இரண்டாவது பத்தியில், இனிவரும் காலத்தில் காற்றின் நலன் கருதி வாகனத்தின் அருகே கற்பூரம் எரிப்பதைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் அந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை எட்டு இருபதுக்குக் கீழே இறங்கி, வீதியில் இயந்திரம் அணையாமல் நின்ற ஒன்பது லொறிகளின் முன்னிலையில் நான்கு கட்டி கற்பூரம் கொளுத்தி, மூன்று சுற்றுச் சுற்றினாள். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து, சாப்பாட்டு விநியோகத் தாளின் பின்பக்கத்தில் பதில் எழுதினாள்.

"மதிப்புக்குரிய ஹெர் ப்ரூக்மன், ஒரு வாரத்துக்குப் பத்தாயிரத்து எண்பது நிமிடங்கள். அதில் நான்கு நிமிடம் என்னுடையது. என்ன எரிக்கிறேன், எப்போது எரிக்கிறேன், எத்தனை கட்டி என்று எல்லாம் உங்களிடம் எழுத்தில் இருக்கிறது. கழித்துக்கொள்ளுங்கள். நான் நிறுத்தப் போவதில்லை. மீதி பத்தாயிரத்து எழுபத்தாறு நிமிடங்களில் எங்கள் வீதியில் புகை விடுகிறவர்களுக்கும் இதே போல அன்பாக ஒரு கடிதம் எழுதினீர்களா? எழுதியிருந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மூன்று முறை வாசிக்க வேண்டும்."

கீழே பெயரை எழுதினாள். அந்த ஒரு காகிதத்தில் மட்டும், திரும்பி ஒரு முறைகூட வாசிக்காமல் கையெழுத்திட்டாள்.